இரண்டு மணி நேரத்தில் பத்துமலை

கிள்ளான், 1996
எழுதத் தொடங்கியது: செவ்வாய், காலை 10 மணி

அன்புள்ள மச்சான் சபாபதிக்கு, உன் அக்காள் புருஷன் தம்புசாமி தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் இராஜம்மாவும் நலம். அங்கே பந்திங்கில் நீயும் உன் மீசையும் நலமாயிருக்க முருகன் துணை. நான் முதியோர் வகுப்பில் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. பொறுமையாகப் படி.

வள்ளியம்மா கல்யாணப் பந்தியில் நாம் கையடித்துப் போட்ட பந்தயம் உனக்கு மறந்திருக்காது. போன வருடம் கிள்ளானிலிருந்து பத்துமலைக்கு நடந்ததற்குப் பாதயாத்திரைக் குழு உனக்குக் கொடுத்த சான்றிதழில் ‘5 மணி நேரம்’ என்று இருப்பதைப் பந்தி முழுக்கச் சொன்னாய். அதைவிடக் குறைந்த நேரத்தில் நான் நடந்தால் உன் மீசை போகும், இல்லையென்றால் என் மீசை போகும் என்று பேச்சு. நானும் இந்த வருடம் நடந்தேன். புறப்பட்டது சனி காலை ஆறு, சேர்ந்தது ஞாயிறு காலை எட்டு என்று குழுவின் அட்டையில் நானே எழுதினேன். போன வாரம் சான்றிதழ் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘தம்புசாமி, 2 மணி நேரம்.’ கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதேதான்.

“சனிக்கிழமை ராத்திரி வழியில மண்டபத்துல படுத்துக் குறட்டை விட்டீங்களே, அது எந்த ரெண்டு மணி நேரத்துல?” என்றாள் உன் அக்காள். “எழுத்துல இருக்குது, பேசாதே” என்றேன். அறுபத்தெட்டு வருடமாக எந்த ஆபீசுக்குப் போனாலும் ‘எழுத்துல இருக்குதா?’ என்று கேட்டுத்தானே என்னைத் திருப்பி அனுப்பினார்கள்? இப்போது எழுத்தே என் பக்கம் இருக்கும்போது நான் ஏன் அதோடு சண்டை போட வேண்டும்? உடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன கேட்டாய்? “மச்சான், எந்த பஸ்ஸுல ஏறினீங்க? நம்பர் சொல்லுங்க, அடுத்த வருஷம் நானும் அதுலயே போறேன்.”

சாமிக்கு நடந்த நடையைப் பஸ் என்றாயே, அதுதான் பொறுக்கவில்லை. மறுநாளே குழுவின் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பெயர்களை ஏற்றும் ரமணி என் சான்றிதழைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “ரெண்டு மணி நேரமா? அங்கிள், மோட்டார்ல போனாலே இந்த ஜாம்ல முடியாது லா!” என்று சொல்லி என் அட்டையைத் தேடி எடுத்தாள். ஞாயிறு எட்டிலிருந்து சனி ஆறைக் கம்ப்யூட்டர் சரியாகத்தான் கழித்ததாம். ஆனால் இருபத்துநாலு மணி சேர்ந்தால் அதை ஒரு நாள் என்று உள்ளே வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் வெளியே காட்டுமாம். நம் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டுக்கு மேல் பதிமூன்று அடிக்கிறதா? அது மாதிரிதான். “மொத்த மணியையும் காட்டுன்னு நான்தான் சொல்லியிருக்கணும், அங்கிள். மறந்துட்டேன்” என்று எதையோ தட்டினாள். 26 என்று வந்தது. நான் நடந்த ஒரு பகலும் ஓர் இரவும் திரும்பக் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பஸ் இல்லை என்று நிரூபித்துவிட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. உன் ஐந்து எங்கே, என் இருபத்தாறு எங்கே? தோற்றது நான். சொன்ன சொல் சொன்னதுதான். இன்று காலை சின்னையா கடையில் நாற்பது வருட மீசையைக் கொடுத்துவிட்டேன். கதவைத் திறந்த உன் அக்காள், “யாரு வேணும்?” என்றாள்.

உன் நடைக்கு என் வணக்கம். வீட்டில் அனைவருக்கும் ஆசிகள்.

இப்படிக்கு, மீசை இல்லாத
தம்புசாமி

எழுதி முடித்தது: புதன், பகல் 12 மணி. இரண்டே மணி நேரத்தில் எழுதினேன் என்று ஊரில் சொல்லிவிடாதே.

பின்குறிப்பு: தபால் தலை ஒட்டும்போது ரமணி போன் செய்தாள். போன வருடப் பட்டியலிலும் அதே தவறாம், எல்லாவற்றையும் திருத்திவிட்டாளாம். உன்னுடையது 29. உன்னை நான் குறை சொல்லவில்லை. நீயும் என்னைப் போல எழுத்தில் இருந்ததை நம்பியவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வா. சின்னையாவிடம் நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்குப் பத்தே நிமிடம்தான் ஆகும், எனக்கு எடுக்கும்போது கடிகாரம் பார்த்தேன்.