மாமாவின் ஸ்கூட்டர் விஷயமாக

சகாய்,
ஆகஸ்ட் பதினாறு

நம் கோயிலின் தலைமைக் குருவும், என்னை வீட்டோடு மாப்பிள்ளையாக ஏற்று, மொட்டையடித்து, சூத்திரம் கற்பித்து ஆளாக்கிய மாமாவுமான ரியோகாய் அவர்களின் திருவடிகளுக்கு ஷுன்ஜோ பணிந்து எழுதுவது.

எஞ்சிய வெயில் மண்டையைப் பிளக்கும் இந்த நாட்களில், முடியுள்ளவர்களைவிட நம்மைப் போன்றவர்களுக்கு அதன் அருமை கூடுதலாகவே தெரியும் என்றாலும், கவாச்சி மலையோர விடுதியின் வெந்நீர் ஊற்று தங்கள் முழங்கால்களுக்கு இதமளித்துக் கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் மகள் கனாயோ நலம். கோயில் நலம். பூனை நலம், மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது. நானும் நலமே, வலது முழங்கை, இடது தொடை, கணுக்கால் இரண்டும் நீங்கலாக. தாங்கள் இல்லாமல் முதல்முறையாக, முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் மூன்று நாளும் தனியாளாகச் சமாளித்தேன். அறுபத்தெட்டு வீடு. ஒரு வீடு விடாமல் போய் முன்னோருக்குச் சூத்திரம் ஓதிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேற்கொண்டு படிக்கும்போது தாங்கள் இதை அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இத்துடன் வாரிசுத் தாளை இணைத்திருக்கிறேன். என் முத்திரையும் பக்தர் சபைத் தலைவர் ஹஷிசுமே அவர்களின் முத்திரையும் விழுந்துவிட்டன, தங்களுடையதுதான் பாக்கி. செப்டம்பருக்குள் இது தலைமைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான், பதினான்கு வருஷமாகச் ‘சின்ன சாமி’யாகவே இருக்கும் நான் இந்தக் கோயிலின் குருவாவேன். சேராவிட்டால் அவர்கள் வேறு யாரையாவது அனுப்புவார்கள், கனாயோவும் நானும் பூனையும் குட்டிகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தாளின் கடைசி வரியில் ‘சைக்கிள்’ என்று ஒரு சொல் வருவதைப் பார்த்துத் தாங்கள் திகைக்கக்கூடும். அதை விளக்கவே இந்தக் கடிதம்.

தங்கள் ஸ்கூட்டர் காலமாகிவிட்டது. ஜூலை பத்தொன்பதாம் தேதி, யாமாதோ ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில், மூன்று முறை இருமி, ஒரு முறை விக்கி, அடங்கிவிட்டது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். உரிய சூத்திரம் ஓதித்தான் அனுப்பினேன். அடுத்த நாளே புது ஸ்கூட்டர் வாங்கத்தான் கிளம்பினேன், அமிதா புத்தர் மேல் ஆணை. ஆனால் ரயில் கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு எதிரே குரொயிவா என்பவரின் சைக்கிள் கடை. பந்தயத் தளத்தில் இருபது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தொடை ஒவ்வொன்றும் நம் கோயில் தூண் பருமன். கடையில் பழுத்த பேரிக்காய் நிறத்தில் ஒரு ஸ்டீல் சைக்கிள் தொங்கிக் கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் விரல் முட்டியால் அதன் குழாயை ஒரு தட்டுத் தட்டினார். மாமா, ணங்ங்ங் என்று ஒரு நாதம். பூஜை மாடத்து வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினால் எழுமே, அதே நாதம், அதே கார்வை. என் கை தானாகக் கூப்பிக்கொண்டது. கேட் திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்தது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

“சாமி, இதுல ஃப்ரீவீல் கெடையாது” என்றார் குரொயிவா. “சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். போதும்னு நீங்க காலை நிறுத்தினாலும் அது நிறுத்தாது, உங்களைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போகும்.”

எங்கள் மாமனாரும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். பந்தயத்தில் ஓடும்போது இந்த வகைக்குப் பிரேக்கே கிடையாதாம், தெருவுக்கென்று சட்டப்படி முன்னுக்கொன்று பின்னுக்கொன்று போட்டுக் கொடுத்தார். பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டத் தோல் வார் வேறு. வீட்டுக்கு வந்ததும் கனாயோ அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல. மீதி சைக்கிள் எப்ப வரும்?” என்று கேட்டாள்.

முதல் வாரத்தை விவரிக்கப் போவதில்லை. அங்கியின் ஓரம் செயினில் மாட்டி, செயின் அதை விழுங்க விழுங்க நான் குனிந்துகொண்டே போய் மீன்கடைக்காரரின் பனிக்கட்டிப் பெட்டிக்கு வணக்கம் வைத்தது ஒன்று. சிக்னலில் ஒழுங்காகப் பிரேக் பிடித்து நின்று, ஆனால் கால் இரண்டும் வாரில் கட்டியிருப்பதை மறந்து, போலீஸ் சாவடி வாசலில் வெட்டிய வாழை போல நிதானமாகச் சாய்ந்தது இன்னொன்று. உள்ளிருந்து வந்த காவலர் பதிவு எண்ணைப் பார்த்தார், பிரேக் இரண்டையும் அழுத்திப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருடைய அப்பாவுக்கு இறுதிச் சடங்கு செய்தவன் நான். மண்டியிட்டு வாரை அவிழ்த்துவிட்டு, அப்பாவின் திதிக்குப் போன மாதமே கோயிலுக்கு வந்திருக்க வேண்டும், மன்னிக்கணும் என்றார். நான் இன்னும் தரையில்தான் கிடந்தேன்.

ஆனால் எட்டாம் நாள் பிடிபட்டுவிட்டது மாமா, எப்படிச் சொல்வேன். நான் மிதிப்பதா, அது என்னை மிதிக்க வைப்பதா என்ற வித்தியாசமே போய்விட்டது. தெருவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உள்ளங்காலுக்கு வந்து செய்தி சொல்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டுமா, காலால் லேசாக எதிர்த்தால் போதும், பூனையைத் தடவி உட்கார வைப்பது போல உட்கார்ந்துவிடும். ஸ்கூட்டர் நுழையாத சந்தில் நுழைகிறது, கார்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் நான் போய்க்கொண்டே இருக்கிறேன். மூச்சு, கால், சக்கரம், எல்லாம் ஒரே தாளம். நமு அமிதா புத்சு என்று வாய் முணுமுணுக்க, தாளம் தப்பாமல் நாலு தெரு போய்விடலாம். நகலெடுக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்து, பிறகு சாமியானவன் நான். தியானத்தில் உட்கார்ந்தால் எனக்கு இரவுச் சாப்பாடுதான் ஞாபகத்துக்கு வரும் என்பது தாங்கள் அறிந்ததே. இதன் மேல் உட்கார்ந்தால் ஒன்றுமே ஞாபகம் வருவதில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன்.

இனி வினைக்கு வருகிறேன். பதின்மூன்றாம் தேதி காலை வீடுகளுக்குக் கிளம்பினேன். அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. தாங்கள் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய ஸ்கூட்டரின் சத்தம் வெறும் சத்தமல்ல, ஊருக்கே எச்சரிக்கை மணி. மூன்று தெருவுக்கு அப்பால் அது இரும ஆரம்பித்ததும் இவர்கள் டிவியில் பள்ளிப் பையன்களின் பேஸ்பாலை அணைத்து, பனியன் மேல் சட்டை மாட்டி, பூஜை மாடத்துத் தூசி தட்டி, ஊதுபத்தி ஏற்றி, மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார்களாம். நம் ஊரில் எல்லோரும் பக்திமான்கள் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என் சைக்கிளோ மூச்சுவிடாது. முதல் வீட்டில் குடும்பத் தலைவர் ஜட்டியோடு பனிக்கட்டி வாளியில் கால் வைத்திருந்தார். இரண்டாம் வீட்டில் முன்னோர் முன்னால் துவைத்த துணி காய்ந்தது, புத்தர் மடியில் ஏசி ரிமோட். மூன்றாம் வீட்டில் பூ வாங்கி வர வேண்டியது யார் முறை என்று கணவனும் மனைவியும் சண்டை, என்னைக் கண்டதும் இருவரும் சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். சொல்லிட்டு வரக் கூடாதா சாமி என்றார்கள். வருஷா வருஷம் இதே நாள் இதே மணிக்குத்தானே வருகிறேன் என்றேன். எடுபடவில்லை.

நான்காவது ஹஷிசுமே அவர்களின் வீடு. கத்தி மொத்த வியாபாரி, சபைத் தலைவர், மாதக் கூட்டத்தில் பக்தியைப் பற்றி நாற்பது நிமிடம் குறையாமல் பேசுபவர். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதும், டாக்டரும் மனைவியும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பதும் தாங்கள் அறிந்ததே. வாசலில் வணக்கம் சொல்லிக்கொண்டே உள்ளே போனால், மனிதர் பூஜை மாடத்துக்குள் முழங்கை வரை கையை விட்டபடி நிற்கிறார். வாய் நிறைய பயற்றுப் பாகு இனிப்பு. பேச முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பின்னாலேயே அவர் வீட்டு அம்மாள் தேநீரோடு வந்துவிட்டார். தட்டை இறக்கி வைத்து, காலமான தன் மாமனாரின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிதானமாகக் கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வரிசையாக அடுக்கினார். ஏழு. ஹஷிசுமே எப்படியோ விழுங்கிவிட்டு, அது அப்பாவுக்கு வைத்த படையல் என்றார்.

“உங்க அப்பாவுக்கும் சர்க்கரைதான். அதுலதான் போனாரு” என்றார் அம்மாள்.

அன்று சாயங்காலம் ஹஷிசுமே கோயிலுக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை. “சின்ன சாமி, சாமி வர்றது ஊருக்குத் தெரியணும். பூனை மாதிரி வந்தா அதுக்குப் பேரு வேற. அந்த இரும்பு வேணுமா, கோயில் வேணுமா, யோசிச்சுச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, வாரிசுத் தாளின் அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். ‘இனி சைக்கிளில், ஓசையின்றி, பக்தர் இல்லங்களுக்கு வரமாட்டேன்.’ அதன் பிறகுதான் முத்திரையை எடுத்தார். நானும் எடுத்தேன். வேறென்ன செய்ய, வீட்டோடு மாப்பிள்ளைக்கு வீடு முக்கியம்.

மிச்சம் இரண்டு நாளுக்கு மட்டும் அவகாசம் கேட்டு வாங்கினேன். கனாயோ ஹேண்டில்பாரில் ஒரு காற்றுமணியைக் கட்டிவிட்டாள். பிரயோஜனமில்லை, மணியோசையும் நானும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அப்படித்தான் பதினான்காம் தேதி மத்தியானம் தத்சுமி வீட்டுக்குப் போனேன். அந்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், மனைவி ஃபுசாயே போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், சூத்திரம் முடியும் வரை கட்டைபோல உட்கார்ந்திருந்துவிட்டு நன்றி என்று ஒரே வார்த்தை சொல்பவர். கல்நெஞ்சு என்று நாமே பேசிக்கொண்டிருக்கிறோம். போனேன். கூடத்தில் டிவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பூஜை மாடத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். மாடத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, ஃபுசாயேயின் படத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்குத் தோள் வலிக்குது பாரு, இனிமே அவனை எறிய விடக் கூடாது, நீ என்ன சொல்றே, என்று. இரண்டு கோப்பையில் பார்லித் தண்ணீர். என்னைக் கண்டதும் எழுந்து டிவியை அணைக்கப் பாய்ந்தார், கால் மரத்திருந்ததால் என் மேலேயே விழுந்தார்.

“மன்னிச்சிருங்க சாமி. எப்பவும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அணைச்சிருவேன். இவளுக்கு மேட்ச்சுன்னா உசிரு. வருஷத்துல மூணு நாள்தானே வர்றா.”

அணைக்க வேண்டாம் என்றேன். சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு ஓத ஆரம்பித்தேன். ஃபுசாயே பிறந்த ஊர்ப் பள்ளிதான் ஆடிக்கொண்டிருந்தது, ஒன்பது சுற்றும் சமம், பத்தாவதுக்குப் போனது. மாமா, நான் சூத்திரத்தை அவ்வளவு நிதானமாக என் ஆயுளில் ஓதியதில்லை. முடிந்தபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் அந்தப் பள்ளியின் ஒல்லிப் பையன் ஒருவன் அடித்த பந்து வேலிக்கு அப்பால் போனது. தத்சுமி படத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார், அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பதினான்கு வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், அன்றுதான் உள்ளே போனேன். வெளியே வந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம், பதினோரு வீடு பாக்கி. குரொயிவாவின் இரும்பு அன்று பறந்தது பாருங்கள், ஆற்றங்கரையில் இரண்டு லாரியைத் தாண்டினேன், பொழுது சாய்வதற்குள் பதினோரு வீட்டிலும் பத்தி ஏற்றிவிட்டேன்.

இருந்தாலும் ஹஷிசுமே சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனிதர்களுக்குச் சட்டை போட்டுக்கொள்ள அவகாசம் தர வேண்டும். நாளை மறுநாள் சைக்கிளைக் குரொயிவாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நன்றாகச் சத்தம் போடும் ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தாங்கள் தாளில் முத்திரையிட்டு, உள்ளே வைத்திருக்கும் உறையில் போட்டு அனுப்பிவிட்டால் போதும். பிழை பொறுத்து, வழக்கம்போல் திட்டிவிட்டு, ஆசி கூற வேண்டுகிறேன். தங்கள் முழங்கால்கள் மடங்கவும் நீளவும் புத்தர் அருள்வாராக. கனாயோவின் வணக்கமும், எண்ணிக்கை இன்னும் நிச்சயமாகாத குட்டிகளின் வணக்கமும்.

தங்கள் மருமகன்,
ஷுன்ஜோ

பி.கு. இந்தக் கடிதத்தின் உறையில் அஞ்சல் முத்திரை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். பெட்டிக்குப் போனபோது தபால் வண்டி அப்போதுதான் கிளம்பியிருந்தது. துரத்தினேன். மூன்றாவது சிக்னலில் பிடித்தும் விட்டேன். நடுத்தெருவில் வாங்குவதற்கு விதி இல்லை என்றார் டிரைவர், அதற்குள் நான் மலையைப் பார்த்த சாலையில் இருந்தேன். திரும்பலாம் என்றுதான் நினைத்தேன், கால் நிற்கவில்லை. இப்போது தங்கள் விடுதி வரவேற்பறையில் இவர்கள் பேனாவை வாங்கி எழுதுகிறேன். தாங்கள் குளித்துக் கொண்டிருப்பதாகச் சொன்னார்கள், அவசரமில்லை. கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது தாளை மறுபடி படித்தேன். தத்சுமி ஞாபகம் வந்தது. அடுத்த வருஷம் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து டிவியை அணைத்துவிடுவார். ஆகவே அந்தக் கடைசி வரியை இரண்டு கோடு போட்டு அடித்து, அதன் மேல் என் முத்திரையைக் குத்திவிட்டேன். அடித்தல் செல்ல எல்லோருடைய முத்திரையும் வேண்டும் என்பது தெரிந்ததே. ஹஷிசுமே ஒருவேளை மறுபடி குத்தவே மாட்டார். கனாயோவிடம் போனில் சொன்னேன், கோயிலை விட்டுப் போவதானால் மூன்று குட்டியாவது தனக்கு வேண்டும் என்றாள். தாளில் தங்கள் முத்திரை விழ வேண்டிய இடம் இப்போது இரண்டு. அடியில் ஒன்று, அடித்த வரியின் மேல் ஒன்று. ஒரே இடத்தில்தான் குத்துவேன் என்றால், மாமா, அடித்த வரியின் மேல் குத்துங்கள்.