காலை ஆறு மணிக்கு வராத கர்ஜனை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதன் தொண்டை மட்டும் ஒரு கணினிக்குள் இருந்தது.

சிங்கத்தின் பெயர் பேரிடியார். எட்டு வருஷத்துக்கு முன்பு வரை பெயருக்கு ஏற்ற குரல்தான். பிறகு ஒவ்வொன்றாகப் பல் போனது, பல்லோடு குரலும் போனது. ராஜா வாயைத் திறந்தால் எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது. நல்லவேளையாக, குரல் போவதற்கு ஒரு வாரம் முன்புதான் அவர் வேலாண்டி என்ற முள்ளம்பன்றியைக் கவனிக்காமல் மிதித்தார். அந்த நேரத்தில் வேலாண்டி, பாழடைந்த வனமாளிகையிலிருந்து இழுத்து வந்த பழைய கணினி ஒன்றில் மைக் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். மைக் வேலை செய்தது.

அன்று பதிவான அலறல்தான் அதன்பிறகு எட்டு வருஷமாக அந்தக் காட்டை ஆண்டது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கணினி தானாகவே அதை ஒலிக்கும். குகைவாசல் பாறைமேல் நின்று ராஜா சரியாக அதே நேரத்தில் வாயைப் பிளப்பார். ஸ்பீக்கர் பின்னால் கொடிக்குள் இருந்தது. மிதிபட்டவனே அரண்மனைக் கணினியாளன் ஆனான். வேளாவேளைக்குக் கிழங்கு குகைக்கே வந்துவிடும், மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை.

கணினியில் ஓடியது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்துக் காட்டுக்கும் கொடுக்கலாம். கட்டற்ற என்ற சொல் ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குடிமக்களுக்குத்தான் அது கிடையாது, கணினிக்காவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

காட்டின் எல்லையில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ்க்காடு, அதன் ராஜா செம்பிடரி என்ற சிங்கம். அவருடைய கர்ஜனையும் காலை மாலை தவறாமல் கேட்கும். இரண்டு காடுகளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருந்தது. ஒரு ராஜாவின் கர்ஜனை அடுத்தடுத்து இரண்டு வேளை வரவில்லை என்றால் அந்த அரியணை காலி. பக்கத்து ராஜா ஓடையைத் தாண்டி வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வருகிற ராஜா முதலில் பழைய ராஜாவின் அலுவலர்களைச் சாப்பிடுவார், அதுவும் சட்டத்திலேயே இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை மணி ஆறு. பேரிடியார் பாறைமேல் ஏறி, பிடரியைச் சிலுப்பி, வாயைப் பிளந்தார். ஒன்றும் வரவில்லை. பிளந்த வாயை மூடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அவர் நிற்க, கீழே தண்ணீர் குடிக்க வந்திருந்த புள்ளிமான்கள் ராஜா கொட்டாவி விடுகிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டன. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து மட்டும் கர்ஜனை வந்தது. அதன் பிறகு அங்கே ஏதோ கூச்சலும் கொட்டுச் சத்தமும் கேட்டன.

ராஜா குகைக்குள் வந்து உட்கார்ந்தார். "என்னய்யா இது?" என்றார், அந்தக் கதவுச் சத்தத்தில்.

"ஈரம் மகாராஜா. ராத்திரி பனி ஜாஸ்தி. மத்தியானத்துக்குள்ள காய்ஞ்சிடும்" என்றான் வேலாண்டி.

ஈரமும் இல்லை, பனியும் இல்லை. முந்தின நாள் ராத்திரி கணினி ஓர் அப்டேட் இருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது. சும்மா இருந்த வேலாண்டி சரி என்று அழுத்திவிட்டான். அதை ராஜாவிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. அலுவலர்களைச் சாப்பிடலாம் என்ற சட்டத்தின் இரண்டாவது பகுதி நினைவுக்கு வந்தது. முள் இருக்கிறதே என்று தன்னையே தேற்றிக்கொண்டான். ஆனால் முள்ளை எடுத்துவிட்டுச் சாப்பிடுவது எப்படி என்று கீழ்க்காட்டு ஓநாய்கள் வகுப்பே நடத்துவதாகக் கேள்வி.

வேலையைத் தொடங்கினான். ஒலியளவு முழுதாக இருந்தது. ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. வயரைப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினான். கணினியை அணைத்துப் போட்டான், நான்கு தரம். கர்ஜனைக் கோப்பை ஓடவிட்டால் திரையில் பச்சைப் பட்டை மேலும் கீழும் குதித்தது. கணினியைப் பொறுத்தவரை அது காடே அதிரக் கர்ஜித்துக்கொண்டிருந்தது. குகைக்குள் ஈ பறக்கும் சத்தம்தான் கேட்டது.

வேறு வழியில்லாமல் கணினிச் சபைக்குப் போனான். எல்லாக் காட்டு விலங்குகளும் தங்கள் கணினிக் கோளாறுகளை எழுதி உதவி கேட்கும் இணைய மன்றம் அது. தினமும் ஒலிக்க வேண்டிய ஒரு கோப்பு ஒலிக்கவில்லை, மாலை ஆறுக்குள் சரியாக வேண்டும் என்று எழுதினான். அது என்ன கோப்பு என்று மட்டும் எழுதவில்லை.

முதலில் வந்தது கழுதை. என் கணினியில் நன்றாகக் கேட்கிறதே என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. அடுத்து வந்தது பச்சோந்தி. நீ வைத்திருக்கும் மென்பொருளே தப்பு, நான் போன வாரம்தான் புதிய ஒன்றுக்கு மாறினேன், அதில் இந்தத் தொல்லையே கிடையாது, நீயும் மாறிவிடு என்றது. அரை மணி நேரம் கழித்து அதுவே வந்து, அதையும் விட்டுவிட்டேன், இன்னொன்றுக்கு மாறியிருக்கிறேன் என்று திருத்தியது. கடைசியாக வந்தது ஆமை. ஆமைதான் சபையின் நடத்துநர். இந்தக் கேள்வி முன்பே கேட்கப்பட்டுவிட்டது, தேடிப் பார்க்காமல் கேட்பது சபை மரபு அல்ல, இருந்தாலும் கணினியின் பதிவேட்டை முழுவதும் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன் என்றது. வேலாண்டி நானூறு வரிப் பதிவேட்டைப் போட்டான். மதியம் ஆமை, இரண்டாவது வரி படித்துக்கொண்டிருக்கிறேன், பொறுமை தேவை என்று தெரிவித்தது.

இதற்குள் ராஜா பொறுமை இழந்துவிட்டார். பழைய வழியிலேயே போவோம் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வேலாண்டியின் முதுகில் பாதத்தை அழுத்தினார். வலி என்னவோ அதே வலிதான். தொண்டையிலிருந்து வந்தது மட்டும் 'கீச்' என்றது. மரத்திலிருந்த அணில் ஒன்று எட்டிப் பார்த்துப் பதில் கொடுத்தது. ராஜா முள்ளைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்தார். அவர் கண்ணில் நீர் நின்றது. அதைப் பார்த்தபோது வேலாண்டிக்குத் தன் பயத்தையும் மீறி, கிழவர்மேல் இரக்கமாக இருந்தது.

ஆமை சொன்னபடி பழைய கேள்விகளைத் தேடினான். மூன்று மணிக்குக் கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு 'உடும்புப்பிடி' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். தினமும் ஒலிக்க வேண்டிய கோப்பு, அப்டேட்டுக்குப் பிறகு ஒலிக்கவில்லை, பட்டை குதிக்கிறது, விளக்கு எரிகிறது, உயிர் போகிற அவசரம். ஒரு வார்த்தை மாறாமல் தன் கதை. வேலாண்டிக்குச் சந்தோஷத்தில் முள்ளெல்லாம் நிமிர்ந்துகொண்டது. ஆவலோடு கீழே இறங்கினான். சில மணி நேரம் கழித்து அதே உடும்புப்பிடி எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'சரியாகிவிட்டது. நன்றி.'

அதன் கீழே இனி யாரும் எழுத முடியாதபடி ஆமை பூட்டுப் போட்டிருந்தது.

எப்படிச் சரியானது என்று ஒரு வரி இல்லை. வேலாண்டி வாழ்நாளில் யாரையும் அவ்வளவு திட்டியதில்லை. உடும்புப்பிடியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். எனக்குச் சரியானால் ஒன்று விடாமல் படம் போட்டு எழுதுவேன், இது என் முள்மேல் சத்தியம் என்று சொல்லிக்கொண்டான். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணே எப்படிச் சரி பண்ணீங்க என்று உடும்புப்பிடிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. "நான் பொம்பளை உடும்பு. அண்ணேன்னு எழுதாதீங்க. எத்தனை மணிக்கு ஒலிக்கணும் உங்க கோப்பு?"

வேலாண்டி காலை ஆறு, மாலை ஆறு என்று எழுதினான்.

அடுத்த கேள்வி வந்தது: "ஓடைக்கு மேல்பக்கமா நீங்க?"

எதிரியிடமே போய் மாட்டிக்கொண்டோம் என்று வேலாண்டி முதலில் நினைத்தான். திரையை அணைக்கப் போனவன் நின்றான். எதிரியின் காட்டில், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஒலிக்க வேண்டிய கோப்பு ஓர் உடும்பிடம் ஏன் இருக்கிறது? மெதுவாக எழுத்துக்களைத் தேடித் தேடி அடித்தான். "யக்கா, உங்க ராஜாவுக்குப் பல் எத்தனை?"

"உங்க ராஜாவுக்கு எத்தனையோ அத்தனை. எங்களுது கடைசிப் பல்லைப் பிடுங்கினப்போ எடுத்தது. உங்களுது?"

"முள் குத்தினப்போ எடுத்தது."

"நல்லா வந்திருக்கு. எங்க ராஜா அதைக் கேட்டு இப்பவும் நடுங்குவாரு."

பிறகு உடும்பு தன் கஷ்டத்தைக் கொட்டியது. காலையில் மேல்காட்டிலிருந்து சத்தம் வராததால் கீழ்க்காட்டில் ஒரே கொண்டாட்டம். ஓநாய்கள் கொட்டு அடித்து, செம்பிடரிக்கு மாலை போட்டு, ஓடைக்கரைக்கே கூட்டி வந்துவிட்டன. மாலையும் கர்ஜனை வராவிட்டால் அவர் தாண்டியே ஆக வேண்டும். அவரோ குகைப் படியையே இரண்டு பேர் பிடித்தால்தான் தாண்டுவார். ஓடையில் விழுந்தால் மானம் போகும். விழாமல் அக்கரை போய்ச் சேர்ந்தால் வேலாண்டியைக் கடித்துக் காட்ட வேண்டும், அதற்கு வாயில் ஒன்றும் இல்லை. குட்டு உடைந்தால் ஓநாய்கள் முதலில் வருவது உடும்பிடம்தான்.

"தயவு பண்ணி, எப்படியாவது கர்ஜிச்சுத் தொலைங்க தம்பி" என்று முடித்திருந்தது.

அடுத்த செய்தியில் வழியும் வந்தது. அப்டேட்டுக்குப் பிறகு கணினி சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். திரைக்குள் ஸ்பீக்கர் இல்லாததால் சத்தம் அங்கேயே செத்துப்போகும். திரையின் வயரைக் கழற்றிவிட்டுக் கணினியைத் தொடங்கினால், போக வேறு இடம் இல்லாமல் அது பழையபடி ஸ்பீக்கருக்கு வந்துவிடும். பிறகு திரையை மாட்டினாலும் மாறாது.

மணி ஐந்து ஐம்பது. வேலாண்டி வயரைக் கழற்றினான். திரை கறுத்துப்போனது. கணினியை அணைத்துப் போட்டான். பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. ராஜாவைப் பாறைக்குப் போகச் சொன்னான். "வருமாய்யா?" என்று அவர் கேட்டார். வரும் மகாராஜா என்று சொன்னபோது அவன் குரலும் கதவுச் சத்தமாகத்தான் இருந்தது.

அக்கரையில் கழுத்து நிறைய மாலையோடு செம்பிடரி நின்றார். அவருக்குப் பின்னால் ஓநாய்கள் வரிசையாக நின்றன. இக்கரையில் மான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பேரிடியார் வாயைப் பிளந்தார்.

வந்தது. அன்று முழுவதும் வேலாண்டி எங்கெங்கோ அழுத்தி எல்லா ஒலியளவையும் உச்சத்துக்கு ஏற்றிவைத்திருந்ததால், எட்டு வருஷத்தில் இல்லாத அளவுக்கு வந்தது. பாறையிலிருந்து சரளைக்கல் உதிர்ந்தது. ஓநாய்கள் கொட்டைப் போட்டுவிட்டு ஓடின. பேரிடியாரே பயந்துபோய் வாயை மூட மறந்து, சத்தம் நின்ற பிறகும் பிளந்தபடியே நின்றார். செம்பிடரி மாலையைக் கழற்றி ஓடையில் விட்டுவிட்டு, அவ்வளவு நிம்மதியான முகத்தோடு வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையும் சத்தம் தவறாமல் வந்தது. வேலாண்டி திரையை மாட்டிக்கொண்டு கணினிச் சபைக்குப் போனான். ஆமை பதிவேட்டின் ஆறாவது வரிக்கு வந்திருந்தது. பிரச்சினை தீர்ந்திருந்தால் தீர்வை விளக்கமாக எழுதுங்கள், கட்டற்ற உலகம் பகிர்வதால்தான் வாழ்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே புதிதாகப் பதினொரு பேர். வடக்குக்காட்டு எறும்புதின்னி, மலைக்காட்டுத் தேவாங்கு, இப்படிப் பலர், எல்லோரும் எழுதியிருந்தது ஒன்றேதான். எனக்கும் இதே பிரச்சினை. காலை ஆறு, மாலை ஆறு.

வேலாண்டி சத்தியத்தை மறக்கவில்லை. 'முதலில் திரையின் வயரைக் கழற்றுங்கள்' என்று எழுதத் தொடங்கினான். அந்த வரியிலேயே அவன் கை நின்றது. பதினொரு காடு. பதினொரு ராஜா. எல்லோர் வாயையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு பல் தேறாது. இந்தப் பக்கத்தை ஒரு மான் படித்துவிட்டால் போதும்.

குகைவாசல் வழியாக ஓடையைப் பார்த்தான். மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு தரம் தலையைத் தூக்கிப் பாறையைப் பார்த்துக்கொண்டன. சிறிய குட்டி ஒன்று பயத்தில் குடிக்காமலேயே நின்றது. அதைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே எழுதிவிடலாம் என்று இருந்தது.

அப்போது அவனுடைய காலைக் கிழங்கு வந்தது. தோலுரித்து, மண் போகக் கழுவி, வாழையிலையில்.

எழுதிய வரியை அழித்தான். பதினொரு பேருக்கும் தனித்தனியாக, வழியைச் சொல்கிறேன், வெளியில் மூச்சு விடக்கூடாது என்று செய்தி அனுப்பினான். பிறகு சபையில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினான்:

'சரியாகிவிட்டது. நன்றி.'

முதல் விருப்பக்குறியை உடும்பு போட்டது. ஆமை வந்து பூட்டிவிட்டுப் போனது.

நீதி: எந்த ராஜாவுக்கும் பல் இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள், ஸ்பீக்கரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.