நூற்றிருபது கிராம்

கட்டிகள் கரைந்துகொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும், காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை. மற்ற நாட்களில் கரைவதில்லை. கட்டிகளுக்கும் ஓய்வு வேண்டாமா?

கரையும் இடம், முன்பு மெத்தையும் நாற்காலியும் விற்ற ஒரு நீண்ட கூடம். கடை போனபின்பும் சுவரில் 'மாபெரும் தள்ளுபடி' என்ற எழுத்துகள் மங்கலாக எஞ்சியிருந்தன. அவற்றை அழிக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு மணிக்கே வாசலில் வரிசை நின்றது. ஆசிரியர் வந்தார், வழக்கறிஞர் வந்தார், மருந்துக்கடைக்காரர் தம் கடையைப் பூட்டிவிட்டே வந்தார். படித்தவர்களுக்கு முன்வரிசையில் இடம் தரப்பட்டது. படிப்பினால் விளையும் நன்மைகளில் அதுவும் ஒன்று.

கரைப்பவரின் பெயர் எவருக்கும் தெரியாது. அவரிடமிருந்து எழுந்து வந்தவர்களெல்லாம் "தல லேசா இருக்கு" என்றார்கள். ஆகவே அவர் 'லேசு ஐயா' ஆனார். முக்கால் மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தால் யாருடைய தலையும் லேசாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கு அந்தக் கூடத்தில் ஆளில்லை.

முறை மிகவும் விஞ்ஞானபூர்வமானது. நோயாளி நீண்ட மேசையில் படுப்பார். தலைமாட்டில் ஒரு மின்தராசு, அதன்மேல் வெள்ளை உறையிட்ட தலையணை, அதன்மேல் தலை. சுவரில் பெரிய சிவப்பு எண்கள் ஒளிரும். லேசு ஐயா நெற்றிக்கு ஒரு சாண் உயரத்தில் கைகளைச் சுழற்றுவார். பிறகு, வெள்ளைக் கையுறை அணிந்த உதவியாளர் அந்தத் தலையணையை இடுக்கியால் பற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னறைக்கு எடுத்துச் செல்வார். கட்டியின் நஞ்சு முழுவதும் அதில் இறங்கிவிட்டதாம், எரித்துவிடுவார்களாம். புதிய தலையணை வரும். மறுபடியும் எடை. நூற்றிருபது கிராம் குறைந்திருக்கும்! கூடம் கைதட்டும். சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. தலையணைக்கு மட்டுமே விலை.

ஓர் அம்மையார் பதின்மூன்று முறை படுத்து எழுந்திருந்தார். அவர் தலையிலிருந்து இதுவரை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. மனித மூளை முழுவதுமே அதைவிடச் சற்றுக் குறைவு. அம்மையார் இன்னும் வந்துகொண்டிருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தக் கூடத்துக்குத் தராசுக்காரர் வந்தது தம் விருப்பத்தால் அன்று. முப்பது ஆண்டுகளாகத் தராசுகளைப் பழுதுபார்த்துவந்தவர் அவர். ஒரு மாதத்துக்கு முன் ஐம்பது கிராம் எடைக்கல் ஒன்று அவருடைய வலக்கையிலிருந்து நழுவியது. மறுநாளும் நழுவியது. அடுத்த வாரம், தினமும் நூறு முறை சொல்லும் 'ஸ்பேனர்' என்ற சொல் நாக்கில் வராமல், "அதை எடு, அந்த... திருகுறதை எடு" என்றார். மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். இடப்பக்க மூளையில், எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.

"தலைக்குள்ள வாடகைக்கு ஆள் வந்திருக்கான். முன்பணமும் குடுக்கல, சொல்லாம கொள்ளாம வந்துட்டான்" என்றார் தராசுக்காரர். மனைவி சிரிக்கவில்லை.

அறுவை மருத்துவர் ஒளிவுமறைவின்றிப் பேசும் பெண்மணி. படத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "பார்த்தா புற்றுநோயா இருக்கலாம். எடுத்துச் சோதிச்சாத்தான் எந்த வகைன்னு தெரியும். வர்ற வியாழக்கிழமை நான் எடுக்கிறேன். முழுசா எடுக்க முடியாம போகலாம். பேச்சுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. அப்புறம் கதிர்வீச்சு, மாத்திரை. அதுக்கு மேலயும் திரும்ப வரலாம். எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ரெண்டு மாசம் தள்ளிப் போட்டீங்கன்னா, நான் கைவைக்க முடியாத இடத்துக்கு அது போயிடும். இது மட்டும் நிச்சயம். புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அன்று வீட்டில் நடந்த கலந்தாய்வில் தராசுக்காரரின் அக்காதான் தலைமை தாங்கினார். அவர் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு மின்விசிறி வாங்கியதுகூட இல்லை.

"போகலாம், இருக்கலாம், வரலாம்! அந்த டாக்டரம்மா பேச்சுல எத்தன 'லாம்'னு எண்ணினியா? இப்படி இழுக்கிறவங்ககிட்டயா தம்பி தலைய நீட்டுறது? லேசு ஐயா ஒரே பேச்சு: ஏழு தடவை, சுத்தமா கரைஞ்சிடும். 'லாம்' கிடையாது!"

"ஏழு தடவைக்கு மூணரை வாரம் ஆகும் அத்தை. அதுக்கப்புறம் ஆபரேஷனுக்கு எப்ப நாள் கிடைக்குமோ?" என்றாள் மகள்.

"எதுக்குடி ஆபரேஷன்? கத்தி பட்ட தலைய அவர் தொடவே மாட்டாராம்."

"வசதியாப் போச்சு" என்றாள் மகள்.

மனைவி நடுவில் அகப்பட்டுக்கொண்டார். கத்திக்கும் பயம், காத்திருக்கவும் பயம். "ஒரே ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க. அண்ணிக்கும் மனசு ஆறும்" என்றார்.

ஆகவே சனிக்கிழமை போனார்கள். தராசுக்காரர் பையில் தம் ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்லை வைத்துக்கொண்டார். முத்திரை பதித்த, ஒரு கிராமும் பிசகாத கல். வலக்கை ஒத்துழைக்காததால் மகள் சுமந்தாள்.

"ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். நான் தராசு வேலை செய்றவன். உங்க தராச ஒரு தடவ சோதிச்சுப் பாத்துக்கலாமா?"

லேசு ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "தாராளமா! யார் வேணும்னாலும் சோதிக்கலாம். எப்ப வேணும்னாலும் சோதிக்கலாம். உண்மைக்கு என்ன பயம்?"

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'எப்ப வேணும்னாலும்' என்றார்.

தராசுக்காரர் தலையணையை நீக்கினார். வெறும் தராசில் கல்லை வைத்தார். சுவரில் ஐந்தாயிரம் ஒளிர்ந்தது. கல்லை நான்கு மூலைகளுக்கும் நகர்த்திப் பார்த்தார். ஐந்தாயிரம், ஐந்தாயிரம், ஐந்தாயிரம். முப்பது ஆண்டு நேர்மை வேறெதையும் சொல்ல விடவில்லை.

"தராசு சரியாத்தான் இருக்கு" என்றார்.

வேறு தொழில்காரராக இருந்திருந்தால் பொய் சொல்லித் தப்பித்திருப்பார். கூடம் எழுந்து ஆரவாரித்தது. பிறகு அவர் படுத்தார், கைகள் சுழன்றன, தலையணை மாறியது, எண் நூற்றிருபது இறங்கியது. அக்கா அழுதேவிட்டார்.

"நீயே சொல்லிட்ட! உன் வாயாலயே சொல்லிட்ட தராசு சரின்னு! இனி என்னடா பேச்சு?"

பேச்சு இல்லைதான். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் 'தராசு சரி' என்றால் வழக்கு முடிந்தது என்று பொருள். ஊரில் எத்தனையோ சண்டைகள் அந்த ஒரு சொல்லில் ஓய்ந்திருக்கின்றன. மருத்துவமனைத் தாள் கையெழுத்தில்லாமல் அலமாரிக்குள் போனது. தராசுக்காரர் மட்டும் முணுமுணுத்தார்: "கழுத்தோட ஒட்டியிருக்கிற தலைய எப்படி எடை போட முடியும்? கழட்டி வெச்சாத்தானே எடை தெரியும்?"

"அபசகுனமாப் பேசாத" என்றார் அக்கா.

திங்கட்கிழமை கடைக்கு மாவு மில்காரி தராசோடு வந்தார். வரும்போதே சண்டை. "என்ன ரிப்பேர் பாத்தீங்க? வாங்குறவங்க எல்லாம் எடை குறையுதுன்னு திட்டுறாங்க. நாப்பது கிராம் காணோம்!"

தராசுக்காரர் கல்லை வைத்தார். சரி. மறுபடி வைத்தார். சரி.

"அம்மா, தராசு மேல வெச்சு மாவு அள்ளிப் போடுறீங்களே, அந்தக் கிண்ணம் எங்க?"

"பழசு ஓட்டையாயிடுச்சு. புதுசு வாங்கினேன். நல்ல கனமான..." மாவு மில்காரி வாயை மூடிக்கொண்டார்.

தராசுக்காரரும் வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த கல்லைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில், வாடகைக்காரன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று நினைத்து மகள் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"தண்ணி வேணாம்மா. நாளைக்கு அந்தக் கல்ல மறுபடியும் தூக்கணும். முடியுமா?"

செவ்வாய்க்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. தராசைச் சோதித்து வென்ற, இல்லை, தோற்ற தராசுக்காரரின் கதை ஊரெங்கும் பரவியிருந்தது. லேசு ஐயாவே அவரை மேசைக்கு அழைத்துச் சென்றார்.

"இன்னைக்கும் சோதிக்கணுமா?" என்றார், கூட்டத்தைப் பார்த்துக் கண் சிமிட்டி.

"வழக்கமாயிடுச்சுங்க ஐயா" என்றார் தராசுக்காரர். இம்முறை தலையணையை நீக்கவில்லை. கல்லை அதன் மேலேயே வைத்தார். சுவரில் ஐந்தாயிரத்து அறுநூற்று எண்பது. "தலையணையோட சேத்து அறுநூத்து எண்பது கூட. எல்லாரும் பாத்துக்கோங்க." முன்வரிசையிலிருந்த மருந்துக்கடைக்காரர் உற்சாகமாகக் குறித்துக்கொண்டார்.

பிறகு படுத்தார். கைகள் சுழன்றன. இடுக்கி வந்தது, தலையணை போனது, புதியது வந்தது. நூற்றிருபது குறைந்தது. கைதட்டல். தராசுக்காரர் எழுந்தார், ஆனால் இறங்கவில்லை.

"ஐயா, ஒரே ஒரு தடவ. கல்ல திரும்ப வெச்சுப் பாத்துக்கிறேன்."

லேசு ஐயாவின் முகத்தில் முதன்முறையாக ஏதோ கனத்தது. "அதான் பாத்தாச்சே..."

"'எப்ப வேணும்னாலும்'னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மகள். சொல்லி முடிப்பதற்குள் கல் தலையணைமேல் இருந்தது.

ஐந்தாயிரத்து ஐந்நூற்று அறுபது.

கூடம் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டது. தராசுக்காரர் கல்லைத் தடவிக்கொடுத்து, கவலையான குரலில் சொன்னார்: "ஐயா, என் இரும்புக்கும் கட்டி இருந்திருக்கு. முப்பது வருஷமா கூடவே இருக்கேன், எனக்குத் தெரியல. சரியா நூத்திருபது கிராம் கரைஞ்சிருக்கு. நீங்க அது பக்கம் கைய நீட்டக்கூட இல்ல!"

மூலையில் யாரோ சிரித்துவிட்டார். ஆனால் நம்பிக்கை அவ்வளவு எளிதில் சாவதில்லை. வழக்கறிஞர் எழுந்தார். "பாத்தீங்களா? இரும்புக்கே பலன் தெரியுதுன்னா, மனுஷனுக்குத் தெரியாதா?"

நல்ல வாதம். பலர் தலையாட்டினார்கள், லேசு ஐயாவும் ஆட்டினார். "என் சக்தி இரும்பையும் ஊடுருவும்" என்றார்.

"அப்ப அந்தப் பழைய தலையணைய ஒரு நிமிஷம் கொண்டு வாங்க" என்றார் தராசுக்காரர்.

"அதுல நஞ்சு இருக்கு!"

"எனக்கு ஏற்கனவே தலைக்குள்ள எலுமிச்சம்பழம் இருக்கு. புதுசா என்ன வந்துடப் போகுது?"

உதவியாளர் பின்னறை வாசலை மறித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தவர் வேறு யாருமல்ல, பதின்மூன்று முறை படுத்த அந்த அம்மையார்தான். மூளை ஏதும் மிச்சமில்லாத நிலையில் வியக்கத்தக்க வேகம். திரும்பி வந்தபோது இரு கைகளிலும் தலையணைகள். "உள்ள ரெண்டு அலமாரி இருக்கு! ஒண்ணுல உறை ஓரத்துல சிவப்புத் தையல், ஒண்ணுல நீலத் தையல். எரிச்சுடுவேன்னு சொன்னதெல்லாம் அப்படியே அடுக்கி வெச்சிருக்கான்! ஒரே தலையணைய எனக்குப் பதிமூணு தடவ வித்திருக்கான்!"

சிவப்புத் தையல்மேல் கல்லை வைத்தார்கள்: இரும்புக்குக் கட்டி வந்தது. நீலத் தையல்மேல் வைத்தார்கள்: குணமானது. சிவப்பு: மறுபடி வந்தது. நீலம்: மறுபடி குணம். நான்காவது முறை கூடமே சேர்ந்து குரல்கொடுத்தது: "வந்திடுச்சு!" "போயிடுச்சு!" மருந்துக்கடைக்காரர் கத்தரியால் சிவப்புத் தையலைப் பிரித்தார். பஞ்சுக்குள்ளிருந்து ஒரு சிறு மணல்மூட்டை விழுந்தது. அதையும் தராசில் வைத்தார்கள். எடையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சந்தடியில் லேசு ஐயா மிக லேசாக வெளியேறியிருந்தார்.

வீடு திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னார்: "பயந்துட்டேன்டா. கத்தின்னு சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"எனக்கும் பயந்தான் அக்கா. ஆனா ஒண்ணு கேளு. எந்தத் தராசுக்கும் கொஞ்சம் பிழை உண்டு. எவ்வளவு பிழைன்னு முன்னாடியே சொல்ற தராசுக்குத்தான் முத்திரை. அந்த டாக்டரம்மா சொன்ன 'லாம்' எல்லாம் அதுதான். பிழையே இல்லன்னு சொல்றவன் சரக்க நான் கடைக்குள்ளயே விடமாட்டேன்."

அக்காவே அலமாரியைத் திறந்து தாளை எடுத்துவந்தார். தராசுக்காரரின் வலக்கை எழுத மறுத்ததால் இடக்கையால் கோணலாகக் கையெழுத்திட்டார். மனைவி அருகில் கையெழுத்திட்டார். புதன்கிழமை மத்தியானம்வரை காத்திருக்கவில்லை, காலையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஆறு மணி நேரம் ஆயிற்று. மருத்துவர் வெளியே வந்து, பெரும்பகுதியை எடுத்துவிட்டதாகவும், பேச்சை ஒட்டிய ஓரத்தில் கொஞ்சத்தை விட்டுவைத்ததாகவும், அதைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளக்கூடும் என்றும் சொன்னார். 'கூடும்' என்றுதான் சொன்னார். அக்கா இம்முறை எண்ணவில்லை. ஆனால் கேட்டார்:

"எவ்வளவும்மா எடுத்தீங்க?"

"முப்பத்தெட்டு கிராம் இருக்கும்."

"அவ்வளவுதானா? அங்க ஒரு தடவைக்கே நூத்திருபது..." என்று தொடங்கியவர், தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டு, மருத்துவமனை நடைபாதையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மனைவியும் சிரித்தார், ஒரு மாதத்தில் முதல்முறையாக.

ஐந்தாம் நாள் செவிலியர் தராசுக்காரரை எடைக்கருவியில் நிற்கவைத்தார். இறங்கிய பின்னும் எண் பூஜ்யத்துக்கு வராததை அவர் உற்றுப் பார்த்தார். சொற்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன. "சிஸ்டர்... இது... இருநூறு கிராம்... கூட காட்டுது."

மகள் வீட்டுக்குப் போய்க் கல்லைக் கொண்டுவந்தாள். வைத்துப் பார்த்தார்கள். இருநூறு கிராம் கூடத்தான் காட்டியது. அன்று பிற்பகல் அந்த வார்டில் எல்லோருடைய எடையும் திருத்தி எழுதப்பட்டது. 'ஸ்பேனர்' என்ற சொல் இன்னும் திரும்பவில்லை. அது இல்லாமலே கருவியைச் சரிசெய்துகொடுத்தார்.

லேசு ஐயா இப்போது வேறோர் ஊரில் இருக்கிறாராம். எடை பார்ப்பதை விட்டுவிட்டாராம். தலையின் சுற்றளவை நாடாவால் அளக்கிறாராம். ஒரு நூலும் பிசகாத நாடாவாம். எவரும், எப்போதும் சோதித்துக்கொள்ளலாமாம். ஏழு மணிக்கே வரிசை நிற்கிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். தலையைக் கொடுப்பதற்கு முன்னால், அதை ஒரே ஒரு முறை பயன்படுத்தியும் பார்க்கட்டும்.