செம்புத் தகட்டில் என் பெயர்

என் மனைவியின் தம்பி அன்ரனின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அவனுடைய வேலையில் குறையில்லை என்று தெரிந்துகொண்டே, ஊர் முன்னால் குறை சொன்னேன்.

அன்ரன் கொட்டாஞ்சேனையில் படகு கட்டினான். நான் வெள்ளவத்தையில் கழுத்துப்பட்டி கட்டினேன். புதிதாகப் பட்டம் பெற்ற பொறியியலாளன். திருநாளன்று மாதா சொரூபத்தைக் கடலில் கொண்டுபோகவும் மற்ற நாள்களில் மீன் ஏற்றவும் எங்கள் கோயில் பாதர் அன்ரனிடம் ஒரு படகு கேட்டார். எதில் கட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை நானாகவே பிடுங்கிக்கொண்டேன்.

"மரம் உக்கும், இரும்பு கறள் பிடிக்கும். அலுமினியம்தான்" என்றேன். (அதோடு நிறுத்தியிருக்கலாம்.)

"வடிவமைப்பு: பொறியியலாளர் பிலிப்பு" என்று செம்புத் தகட்டில் பொறித்து, அன்ரன் கட்டிய படகின் பின்பக்கத்தில் அறையச் சொன்னேன்.

"இவ்வளவு பெரிசாவா அத்தான்? மாதாவின்ர பேரே இதில பாதிதான்!"

"நீ அறையடா."

பாரம் ஏறினால் என் பெயர் தண்ணீருக்குள் போய்விடும். உப்புத் தண்ணீரில் செம்போடு சேர்ந்திருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். இதைப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான்.

அடுத்த திருநாள். நடுக்கடலில் பாதரின் கணுக்கால்வரை தண்ணீர். செபமாலையை நிறுத்தி, "பிலிப்பு, இதுவும் வடிவமைப்போ?" என்றார்.

வேறு படகுகள் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தன. தகட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாகியிருந்தது. யாரும் பார்க்கும் முன் தகட்டைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, "வெல்டிங் பிழை" என்றேன்.

அன்ரன் அந்த வெள்ளை மாவை விரலால் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அதன்பின் அவனிடம் யாரும் படகு கேட்கவில்லை. ஜன்னல் கம்பி ஒட்டப் போனான். எங்கள் வீட்டு ஜன்னலையும் அவன்தான் ஒட்டினான்.

"உங்கட வீடு அத்தான், கவனமா ஒட்டவேணும். பிறகு தண்ணி வந்திடும்."

அன்றிரவு துண்டை அவிழ்த்துத் தகட்டை வெளியே எடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் தகட்டைத் தூக்கிக் காட்டி, எல்லோர் முன்னிலும் உண்மையைச் சொன்னேன். மெல்ல மெல்ல அன்ரனுக்குப் படகு வேலை திரும்பி வந்தது. என்னிடம் ஒரு கட்டுமரத்துக்குக்கூட எவரும் ஆலோசனை கேட்டதில்லை.

அன்ரன் என்னிடம் கேட்டது அந்தத் தகட்டை மட்டும்தான். இன்றும் அது அவன் வீட்டுக் கக்கூஸ் மரக்கதவில் மினுங்குகிறது.

"பயப்பிடாதீங்கோ அத்தான், மரத்தைச் செம்பு ஒண்டும் செய்யாது" என்றான், அதை அங்கே அறைந்த அன்று.

அவன் பேரப்பிள்ளைகள் கதவைத் தட்டும்போது கேட்பது ஒன்றுதான்: "பொறியியலாளர் உள்ளுக்கோ?"