சட்னியில் இறங்கிய இறக்கை

தனியாக வசிப்பவர்கள் செய்யும் பிழைகள் மிக நேர்த்தியாக இருக்கும். இடையில் வந்து கலைக்க ஆளில்லாததால் அவை முழு உருவம் பெறும்வரை அமைதியாக வளர்கின்றன. என் பிழை நான்கடி நீளம் வளர்ந்தது. அதைப் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி, படகில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து கொண்டுபோய், நாற்பது பேருக்கு வைத்திருந்த சட்னி அண்டாவில் போட்டுவிட்டு வந்தேன்.

மாற்றலாகிக் கொல்கத்தா வந்தபின் அது எனக்கு இரண்டாவது குளிர்காலம். அலிப்பூரில் அலுவலகம், லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடி வீடு. அலுவலகத்தில் எல்லோரும் என்னோடு அன்பாகப் பேசினார்கள், கோப்புகளைப் பற்றி. வெள்ளிக்கிழமை மாலை லிஃப்டில் விடைபெற்றால், திங்கள் காலை அதே லிஃப்டில்தான் மீண்டும் என் குரல் எனக்குக் கேட்கும். (குளிர்சாதனப் பெட்டியோடு பேசியதை இங்கே சேர்க்கவில்லை. அது பதிலுக்கு உறுமும், அவ்வளவுதான்.)

போக இடமில்லாத ஒரு ஞாயிறன்று படகேறி ஹவுரா பக்கம் போனபோதுதான், ஆற்றங்கரை மைதானத்தில் மாதிரி விமானம் பறக்கவிடும் ஒரு சிறு கூட்டத்தைப் பார்த்தேன். அவர்களுக்குத் தலைவர்போல் இருந்தவர் சுப்ரதோ-தா (அங்கே 'தா' என்றால் அண்ணன், 'தீதி' என்றால் அக்கா), பல் மருத்துவர். இறக்கையின் ஒவ்வொரு விலா எலும்பையும் காகிதத்தில் வரைந்து மெல்லிய பால்சா மரத்தில் வெட்டுகிறோம், அதிலேயே பாதி சீசன் போய்விடுகிறது என்றார். கல்லூரியில் நிரல் எழுதக் கற்றவள் நான். "நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன்" என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"உங்க இறக்கை பறந்துட்டா, அடுத்த சீசன்ல எல்லாரும் உங்க சாஃப்ட்வேர்லதான் வெட்டுவோம், தீதி. நீங்க ஞாயிறுதோறும் வந்துதான் ஆகணும்" என்றார் அவர். அவர் வங்க மொழியில் சொன்னதன் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் வீடு வரைக்கும் மனத்தில் வைத்திருந்தேன்.

இறக்கையின் இரு நுனிகளையும் சற்றே கீழ்நோக்கி முறுக்கிவிட்டால் விமானம் நிதானமாகப் பறக்கும். அந்த முறுக்கைக் கணக்கிடுவதுதான் என் மென்பொருளின் பெருமை. திரையில் இடது பாதியை மட்டுமே வரைந்து காட்டினேன். வலது பாதி அதன் கண்ணாடிப் பிம்பம்தானே, அச்செடுக்கும்போது கணினியே திருப்பிப் போட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். இறக்கையைக் கட்டி முடித்து மேசையில் வைத்தபோது வலது நுனி ஏதோ கூரையைப் பார்ப்பதுபோல் தோன்றியது. வீட்டுத் தரை சாய்வாக இருக்கிறது என்று தீர்மானித்தேன். (வீட்டுக்காரருக்கு அதுபற்றி ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினேன்.)

பறக்கவிடும் நாளாகக் கூட்டத்தின் குளிர்காலப் பிக்னிக்கையே குறித்திருந்தார்கள். சரஸ்வதி பூஜைக்கு முந்தைய ஞாயிறு அது. சேலையில் சுற்றிய நீளமான பொருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகேறிய என்னைப் பார்த்து, சரஸ்வதியின் வீணையா என்று கேட்டு இடம் விட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. இறக்கை உட்கார்ந்து வந்தது. நான் நின்றுகொண்டு வந்தேன்.

மைதானத்தில் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். திருச்சியில் இருக்கும் என் தங்கை வசந்தாவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, ஃபோனைத் தெர்மாஸில் சாய்த்து வைத்தேன். அவள், அவள் கணவர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

சுப்ரதோ-தா தன் விமானத்தின் உடலில் என் இறக்கையைப் பொருத்தி, முன்னாலிருந்து பார்த்தார். "தீதி, வலது நுனி கொஞ்சம் மேலே பார்க்குதே?"

"அது கணக்கு" என்றேன். இன்றுவரை நான் வெட்கப்படுவது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

விமானம் அவர் கையைவிட்டு எழுந்தது. ஒரு மூச்சளவு நேரம், நான் மாலைகளில் கற்பனை செய்திருந்தபடியே பறந்தது. பிறகு மரத்தில் இறங்கும் திருகாணிபோல் தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. சுப்ரதோ-தா கட்டுப்பாட்டுப் பெட்டியின் குச்சிகளை அசைத்தபடி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இதோ முடிஞ்சுது" என்று தன் நோயாளிகளுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார். முடிந்துதான் போனது. அடுப்பிலிருந்து இறக்கி ஓரமாக ஆறவைத்திருந்த சட்னி அண்டாவில் விமானம் மூக்குக் குத்த விழுந்தது.

வசந்தாவுக்கு ஃபோனில் தெரிந்தது வெறும் வானம்.

"அக்கா, பிளேனக் காணோமே. எங்க போச்சு?"

"சட்னிக்குள்ள."

"என்ன சட்னி?"

"தக்காளி, பேரீச்சம்பழம்."

"இட்லி உண்டான்னு கேளு" என்று பின்னாலிருந்து அவள் கணவர் குரல் வந்தது.

சுப்ரதோ-தாவின் மனைவி மிட்டு பௌதி (அங்கே அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள்) கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து அவர் கிளறிய சட்னி அது.

"தீதி, இதை எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடலாமா? பெட்ரோல் கிட்ரோல் இருக்கா?"

"பேட்டரி இருக்கு."

"அப்ப வேண்டாம்."

கடைசியில் பரிமாறும் இனிப்புச் சட்னி இல்லாத வங்காள விருந்து மங்களம் பாடாத கச்சேரி போன்றது. மாமிசமும் சோறும் உண்டு முடித்தவர்கள் எப்போது எழுவது என்று தெரியாமல் வெகுநேரம் இலை முன்னே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லிக்கொண்டாவது கொஞ்ச நேரம் அங்கே இருந்திருப்பேன். திரும்பும் படகில் சேலை பிசுபிசுத்தது. இம்முறை அது வீணையா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் நிரலைத் திறந்து பார்த்தேன். பிம்பம் எடுக்கும் வரியில், தேவையில்லாமல் நான் போட்ட ஒரு கழித்தல் குறி. அதனால் இடது நுனி கீழே முறுக, வலது நுனி மேலே முறுகியிருந்தது. நான் கட்டியது ஒரு மின்விசிறி. ஒருவர் எதிரே நின்று ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும். எதிரே இருந்தது குளிர்சாதனப் பெட்டி. எதிரே நின்று பார்த்த ஒரே மனிதருக்கோ நான் கணக்கு சொல்லியிருந்தேன்.

இரண்டு ஞாயிறுகள் நான் ஆற்றைக் கடக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை மிட்டு பௌதி அழைத்தார். "தீதி, ஏன் வரலை? அண்டாவுக்கு மூடி வாங்கியாச்சு."

போனேன். இன்றும் என் தலை மைதானத்தில் தெரிந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய் அந்த மூடியைப் போடுகிறார், சட்னி இல்லாத நாட்களிலும். ஆனால் என் மென்பொருளில் அவர்கள் யாரும் இன்னும் இறக்கை வெட்டவில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.

கழித்தல் குறியை நீக்கி, திரையில் இரு பாதிகளையும் காட்டியதுபோக, அதில் இன்னும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். அச்செடுக்கும் முன் திரையில் ஒரு கேள்வி வரும்: "எதிரிலிருந்து வேறொருவர் பார்த்தாரா?" ஆம் என்று அழுத்தினால்தான் அச்சாகும். எழுதியவளும் பயன்படுத்துபவளும் நான் ஒருத்தியே என்பதால், பல மாலைகள் அதனிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தக் கேள்வி வந்ததும் ஃபோனை எடுத்துத் திரைக்கு நேரே பிடிக்கிறேன். திருச்சியில் வசந்தா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இறக்கையைப் பற்றி எதுவும் தெரியாமலே வெகு கவனமாகப் பார்க்கிறாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாதான்க்கா இருக்கு" என்கிறாள். "சாப்பிட்டியா? என்ன சட்னி?"

ஆம் என்று அழுத்துகிறேன்.