உழக்கி அண்ணையின் குளிர்காலச் சைக்கிள்

ஜெர்மனியில் சைக்கிள் ஓடாத தமிழர்கள் குறைவு. ஆனால் ஒரு முழம்கூட நகராமல் ஒரு சைக்கிளின் பின் ரயரைத் தேய்த்து முடித்தவர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். கெல்சென்கிர்ச்சனில் என் வாசலுக்கு நேர் எதிர் வாசலில் குடியிருந்த உழக்கி அண்ணைதான் அவர். சைக்கிள் மிதிப்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் உழக்குவது என்போம். பெற்றோர் வைத்த பெயர் கீழே தபால்பெட்டியில் ஒட்டியிருந்தது. தபால்காரரைத் தவிர யாரும் அதை வாசித்ததாக எனக்கு நினைவில்லை.

அண்ணை நகர பஸ் சாரதி. நாள் முழுக்க ஒரே இருக்கையில் இருந்து இருந்து இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது. வசந்தத்துக்குள் அது இறங்காவிட்டால் பஸ்ஸைத் தொட முடியாது என்று வேலையிடத்து டொக்டர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தார்.

“தம்பி, ஸ்டியரிங் இல்லாட்டி இந்தக் கையை வைச்சு நான் என்ன செய்யிறது?”

“நடவுங்கோ அண்ணை.”

“பனியிலை வழுக்கி இடுப்பு முறிஞ்சா பஸ்ஸும் இல்லை, நடையும் இல்லை.”

“அப்ப ஜிம்முக்குப் போங்கோ.”

“போய்ப் பாத்தனான். சுத்திவரக் கண்ணாடி. ஒரு வயிறு காணாதெண்டு எட்டு வயிறு தெரியுது.”

அடுத்த ஞாயிறு நிலவறையில் கிடந்த பழைய சைக்கிள் அவர் தோளில் மாடியேறியது. இரண்டு சோடாப் பெட்டிகளை அடுக்கி, பின்சில்லு நிலத்தில் படாமல் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். முன்னால் நின்று ஹாண்டிலைப் பிடிக்கும் வேலை எனக்கு. நான் தயங்கினேன்.

“பயப்படாதையும். பஸ் ஓடுறவனுக்கு இது ஒரு வாகனமே?”

ஏறி உழக்கினார். சில்லு காற்றில் அழகாகச் சுழன்றது. “பாரும், றோட்டிலை போறமாதிரியே இருக்கு” என்று அவர் சொல்லி முடிக்க, ஒரு பெட்டி சறுக்கியது. பின்சில்லு கம்பளத்தைத் தொட்டது. அதன்பிறகு உண்மையிலேயே றோட்டில் போவதுபோலத்தான் இருந்தது. சைக்கிளும் அவரும் முன்னோக்கியும் நான் பின்னோக்கியுமாக மூவரும் புறப்பட்டு, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியின் தேநீர்க் கோப்பைகள் அடுக்கியிருந்த கண்ணாடி அலுமாரியில் போய்ச் சேர்ந்தோம். உடையாமல் தப்பியது சீனிப் பாத்திரம் ஒன்றுதான். அக்கா அதைக் கையில் எடுத்து, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிரேக்கைப் பிடிச்சிருக்கலாமே?” என்றேன் நான்.

“வீட்டுக்குள்ளை என்னத்துக்குப் பிரேக்கெண்டு கழட்டிப்போட்டன்.”

பிரேக்கைத் திரும்பப் பூட்டினார். முறையான இரும்புத் தாங்கி ஒன்றும் வந்தது. பின்சில்லின் அச்சை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். ரயரை ஓர் உருளை அழுத்தும். திருகாணியை இறுக்க இறுக்க உழக்குவது கடினமாகும். முன்சில்லுக்கு ஒரு மரக்கட்டை. அண்ணை ஹெல்மெட் போட்டார். காற்று வேண்டும் என்று பல்கனிக் கதவைத் திறந்துவிட்டார். அக்கா குளிர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டினார்.

தன்னுடைய பஸ் வழியைத்தான் மனத்துக்குள் ஓடுவார். நடுவில் திடீரென்று பிரேக் பிடித்துச் சும்மா இருப்பார்.

“ஏன் அண்ணை, களைச்சுப்போனியளோ?”

“சிவப்பு லைட்.”

சத்தம்தான் சிக்கல். மாவரைக்கும் மில்லைக் குடிவைத்ததுபோல வீடு அதிரும். அந்த மாதம்தான் கீழ்வீட்டுக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, ஒரு கால் இழுத்து நடப்பவர். ஒருநாள் மேலே வந்து கதவைத் தட்டினார். “ஆயுள் முழுக்க நிலத்துக்கடியில் பாறை துளைத்தவன் நான். இப்படியொரு சத்தம் அங்கேகூடக் கேட்டதில்லை. நாளைக்கே வீட்டு நிர்வாகத்திடம் முறையிடப்போகிறேன்” என்றார்.

முறைப்பாடு போனால் சைக்கிள் போகும். சைக்கிள் போனால் பஸ் போகும். அண்ணை இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சீனி, டொக்டர், வசந்தம் எல்லாவற்றையும் கொட்டினார். கீழ்வீட்டுக்காரர் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணையின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் அந்த பஸ் சாரதிதானே? நான் நொண்டி நொண்டி வருவதைக் கண்டால் கதவைச் சாத்தாமல் நிற்பவர்?”

அண்ணை தலையாட்டினார். அந்த மனிதர் இறங்கிப் போனார். சற்று நேரத்தில், துணி தோய்க்கும் இயந்திரத்தின் கீழே போடுகிற தடித்த ரப்பர் விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து, முழங்காலை ஊன்றித் தாங்கியின் அடியில் தானே விரித்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை அவர் பொறுத்துக்கொண்டார்.

வசந்தத்தில் சீனி இறங்கியது. பஸ் ஓடலாம் என்று டொக்டர் கையெழுத்து வைத்தார்.

“எங்கை சைக்கிள் ஓடினனியெண்டு கேட்டார். வீட்டு ஹோலுக்குள்ளையெண்டன். தலையைக் காட்டவும் ஒரு டொக்டரிட்டை டெர்மின் போடுவமோ எண்டு யோசிச்சவர் போலை கிடக்கு.”

சைக்கிளை நிலவறைக்கு இறக்கச் சொன்னார் அக்கா. அண்ணை கேட்கவில்லை.

அதற்கடுத்த குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் என் அப்பா இறந்துபோனார். செத்தவீட்டுக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை. திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, டெலிபோனையும் எடுக்காமல் கிடந்தேன். ஒரு பின்னேரம் வாசல் மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால், பஸ் சீருடையோடு அண்ணை. தோளில் சைக்கிள். பின்னால் அக்கா, ஒரு கையில் தாங்கியும் மறு கையில் சோற்றுப் பாத்திரமுமாக.

“எனக்கு உழக்க மனமில்லை அண்ணை.”

“உம்மை ஆர் உழக்கச் சொன்னது? நான் உழக்கிறன். நீர் சும்மா இரும்.”

என் கதிரைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி ஏறினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சில்லு சுழலத் தொடங்கிய அந்தச் சத்தத்துக்குள் நான் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார்.