லூலுவாவைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று நான் சொன்னது குறித்து

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஸுவைலிம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஹைலாவின் கணவன் மர்ஸூக் ஸலாம் கூறி எழுதுவது. தங்கள் முழங்காலும், தோட்டத்துப் பேரீச்சை மரங்களும், மூத்த மருமகனின் உத்தியோகமும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கடந்த புதன்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பின், வரவேற்பறைச் சோபாவில் சாய்ந்திருந்த நிலையில், நம் முன்னோரின் மண்ணுக்குத் திரும்புவது என்று நான் தீர்மானித்தேன். நான்கு நாட்களுக்கு மட்டும். என் ரத்தத்தில் பாலைவனம் ஓடுகிறது என்று நான் முப்பது வருடமாகச் சொல்லி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற மாதப் பரிசோதனையில் ஓடுவது சர்க்கரை என்று வந்தது. ஆனாலும் நகராட்சியில் கோப்புகளுக்கு எண் போட்டு ஓய்வுபெற்ற ஒருவன் தன்னை நாடோடி என்று நம்புவதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை.

ஹைலா ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். பிராணிகளும் வர வேண்டும். ஆகவே லூலுவா வந்தது. பிறந்த அன்றே தாயை இழந்த அந்த ஆட்டுக்குட்டியை அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததும், எங்கள் பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் அவளுடைய பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான் என்பதும் தங்களுக்குத் தெரியும். கிளி மஸ்ஊத் கூண்டோடு வந்தது. கௌரவத்துக்காக நான் வாங்கிய வேட்டைநாயும் வந்தது. அது மணலைக் கண்டதும் காருக்குள் திரும்பி ஏறிக்கொண்டு, ஏசியை நிறுத்தியபோதெல்லாம் குரைத்தது.

சுமாமா பாலைவனப் பக்கம், நகரத்தின் கடைசி விளக்குக் கம்பத்திலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் கூடாரத்தை அடித்தோம். அடித்தவர்கள் வாடகைக் கடைக்காரர்கள், நான் அவர்களுக்குப் பின்னால் நின்று தலையசைத்தேன். அவர்கள் போனதும், ஹைலாவுக்கு என் திறமையைக் காட்டுவதற்காக ஒரு சிறு மணல்மேட்டில் காரை ஏற்றினேன். ஏறியது. பிறகு அச்சு வரை இறங்கியது. நான் முடுக்க முடுக்க அது இன்னும் நிம்மதியாக உட்கார்ந்தது.

இங்கே மஸ்ஊதைப் பற்றி ஒரு வார்த்தை. என் வரவேற்பறையில் பத்து வருடமாகத் தொங்கும் அந்தக் கிளி என் உபசார மொழிகளை மனப்பாடமாக அறியும். "எறங்குங்க, எறங்குங்க! சத்தியமா காப்பி குடிக்காமப் போகக் கூடாது!" நகரத்தில் இதை நான் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் அண்டைவீட்டாரிடம் தினமும் சொல்கிறேன், இதுவரை ஒருவரும் இறங்கியதில்லை. பாலைவனத்தில் அப்படி இல்லை போலிருக்கிறது. ஒட்டகங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு லாரி அந்த வழியே வந்தது. மஸ்ஊத் கூப்பிட்டது. லாரி நின்றது. அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். பெயர் ஷாஃபி.

"யாரோ கூப்பிட்டாங்களே?" என்றவர் காரைப் பார்த்தார். "டயர்ல காத்து எறக்கலையாய்யா?"

"எறக்கணுமா?"

அவர் என்னைத் தலைத்துணியிலிருந்து செருப்பு வரை பார்த்தார். "எந்த ஊரு நீங்க?"

"இந்த நஜ்து மண்ணுதான். பத்துத் தலைமுறையா."

"அப்படியா," என்றார், வெளிநாட்டுக்காரரைத் தேற்றுகிற குரலில். கயிறு கட்டி லாரியால் காரை இழுத்து வெளியே போட்டார். இப்படி ஒரு உதவி செய்தவருக்குக் காப்பியோடு முடித்துவிட்டால் என் பத்துத் தலைமுறையும் என்ன நினைக்கும்? அவர் மூன்றாவது கோப்பையைக் குடித்துவிட்டு, எழுந்துபோக ஒரு சாக்குக்காக, கட்டிப்போட்டிருந்த லூலுவாவைப் பார்த்து, "நல்ல ஆடு," என்றார்.

"அது உங்க சாப்பாடு," என்றேன். நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது.

"வேணாம்யா. வேலை கிடக்கு."

"அது உங்க சாப்பாடு!"

"அல்லாஹ் உங்களுக்கு நிறையக் கொடுக்கட்டும். வேணாம்."

அத்துடன் நிறுத்தியிருக்கலாம், தாங்களாக இருந்தால் நிறுத்தியிருப்பீர்கள். நான் எழுந்து நின்று, என் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனிதர்கள் விருந்தாளிகளை மடக்குவதைக் கேட்டிருக்கிற அதே குரலில், "இந்த ஆட்டைச் சாப்பிடாம நீங்க இந்தக் கூடாரத்தை விட்டுப் போனா, என் பொண்டாட்டிக்குத் தலாக்!" என்றேன்.

துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டி விழுந்தது.

ஷாஃபி மெல்ல உட்கார்ந்தார். ஒருவனுடைய குடும்பத்தைக் கலைத்துவிட்டுப் போகிற மனிதர் அல்ல அவர். இடுப்புக் கத்தியை எடுத்து, வருத்தத்துடன் துடைத்தார். அப்போது ஹைலா வெளியே வந்து லூலுவாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டுங்க பெரியவரே. வெட்டுனீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். வெட்டலேன்னா, இந்த மனுஷன் சொன்ன சொல்லுக்கு நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயே ஆகணும். ரெண்டுல எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. இவரைக் கேக்காதீங்க, இவருக்கு வாய் மட்டுந்தான்."

நான் மஸ்ஊதைப் பார்த்தேன். அது தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

ஷாஃபி கத்தியின் கூரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "சாப்பிடாமப் போனாத்தானே தங்கச்சி?" என்றார்.

"ஆமா."

"அப்ப நான் போகலை." கத்தியை உறையில் போட்டார். லாரியிலிருந்து தன் படுக்கையை என்னை எடுத்துவரச் சொல்லி விரித்தார்.

நான்கு நாட்கள், மைத்துனரே. அவர் கூடாரத்தின் வாசலைத் தாண்டவில்லை. கையலம்பக்கூட நான் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டியிருந்தது. மற்ற காரியங்களுக்காகக் கூடாரத்தின் பின்பக்கத் துணியை இழுத்து நீட்டி ஒரு மறைப்புக் கட்டினேன், அதுவும் கூடாரம்தான் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அவருடைய ஒட்டகங்களுக்குத் தண்ணீர் லாரியை நான் ஓட்டிப்போனேன். ஒட்டகங்கள் என்னைப் பார்த்த பார்வையை ஓய்வூதிய அலுவலகத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். மாலையில் திரும்பினால், ஷாஃபியும் ஹைலாவும் நடுவே லூலுவாவும் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நாள்தான் ஹைலா தங்களுக்குத் தொலைபேசியில் பேசினாள். கார் அனுப்புவதாகத் தாங்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது.

நேற்று ஷாஃபியே தனக்குத் தெரிந்த ஓர் இமாமைத் தொலைபேசியில் பிடித்தார். இமாம் என்னிடம், "பொண்டாட்டியப் பிரியணும்னு நினைச்சுச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சாப்பிட வைக்கணும்னு நினைச்சேன்."

"அப்ப இது வெறும் சத்தியம். பத்து ஏழைங்களுக்குச் சோறு போடுங்க. அப்புறம் வாயை மூடுங்க." கடைசி வாக்கியம் மார்க்கத் தீர்ப்பா, சொந்தக் கருத்தா என்று நான் கேட்கவில்லை.

அக்கம்பக்கக் கூடாரக்காரர்கள் எல்லாரும் என்னைவிட வசதியானவர்கள். மேய்ப்பர்களைத் தேடித் தேடிப் பத்துப் பேரைச் சேர்த்தேன். நகரத்திலிருந்து இறைச்சி வாங்கி ஹைலா ஆக்கினாள். ஷாஃபி விடைபெற்றுப் போனார். போகும்போது என் தோளைத் தட்டி, "டயர்," என்றார்.

பிறகு ஹைலா என் எதிரே உட்கார்ந்தாள். "இனிமே தலாக்னு வாயில வருமா?"

"வராது. அல்லாஹ் மேல சத்தி—"

"சத்தியம் பண்ணாதீங்க! சும்மா வராதுன்னு சொல்லுங்க."

"வராது."

"சரி, இருக்கேன்," என்றாள்.

இந்த இரண்டு சொற்களுக்காக நான் ஒட்டகங்களுக்கு இன்னும் ஒரு மாதம் தண்ணீர் சுமப்பேன். ஆகையால் காரை அனுப்ப வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் ஸலாம். தங்கள் முழங்காலை இறைவன் நலமாக வைப்பானாக.

தங்கள் அன்புள்ள,
மர்ஸூக்

பின்குறிப்பு: மேற்படி வரியை எழுதும்போதே தங்கள் கார் வந்துவிட்டது. புதிய ஓட்டுநர் பன்வர்லால் மிகவும் மரியாதையானவர். உட்கார மறுத்தார். பத்துப் பேருக்கு ஆக்கியதில் மீந்த இறைச்சிச் சோறு ஒரு தட்டு இருந்தது. அதைச் சாப்பிடாமல் இந்தக் கூடாரத்தை விட்டுப் போகக் கூடாது என்று வற்புறுத்தினேன், தலாக் உட்பட அந்தப் பழைய வார்த்தைகளிலேயே. அவர் பிறந்ததிலிருந்து இறைச்சியைத் தொட்டதில்லை என்பது பிறகு தெரிந்தது. இப்போது ஷாஃபி படுத்த இடத்தில் அவர் படுக்கை விரித்திருக்கிறார். கடிதத்தை ஹைலாவிடமே கொடுத்தனுப்புகிறேன். தங்கள் காரை அவளே ஓட்டி வருகிறாள். முன் இருக்கையில் லூலுவா இருக்கிறது.